ஞாயிறுகளில் ஒன்பதரை

மூணாறிலிருந்து பதினேழு கிலோமீட்டர் மேலே
ஆனக்கல் எஸ்டேட் ஆபீசின் துருப்பிடித்த பீரோவில்
நாற்பத்தொன்பது பேரேடுகள்.
ஒரு வரி, ஒரு காலை ஏழு மணி.
அந்த ராத்திரி எவ்வளவு குளிர்ந்தது என்ற கணக்கு.
எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றச் சொன்னார்கள்.
மூன்று மாத வேலை எனக்கு.

தசமப் புள்ளி எது, பூஞ்சைப் புள்ளி எது
என்று பிரிக்கவே முதல் வாரம் போயிற்று.

பதினோரு வருஷம் ஞானதிரவியத்தின் கையெழுத்து.
நீல மசி. ஏழுக்கு இடுப்பில் ஒரு கோடு.
திங்கள் முதல் சனிவரை எண்கள் நடுங்கும்,
ஜனவரியில் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கி
குறுக்குக் கோடு போர்த்திக்கொண்டு உட்காரும்.
ஞாயிறு மட்டும் ஒன்பதரை.
வெயிலிலும் ஒன்பதரை, மழையிலும் ஒன்பதரை.
ஏழு மணிக்குத்தான் கோயில் மணியும் அடிக்கும்.
மனுஷன் என்ன செய்வார்.
ஐந்நூற்றெழுபத்து மூன்று ஞாயிறுகள்
கர்த்தருக்குப் போய்விட்டன.
அழித்தேன்.
திரையில் வெள்ளைக் கட்டங்கள்,
ஜெபத்துக்கு மூடிய கண்கள் போல.

அடுத்து வந்தவர் குஞ்ஞப்பன்.
ஆறு, ஆறரை, ஏழு, ஏழரை.
குளிரிடம் சில்லறை வாங்காத மனிதர்.

எண்பத்தெட்டில் ஒரு தாவல்.
மே மாதம் வரை ஒரு மலை,
ஜூனிலிருந்து வேறொரு மலை.
ஒன்று புள்ளி நான்கு டிகிரி, ஒரே ராத்திரியில்.
பயந்துபோய் விசாரித்தேன்.
பாய்லர் பக்கம் நின்றிருந்த பேச்சிமுத்து சிரித்தார்:
"பெட்டிய பள்ளத்துலேர்ந்து தூக்கி
பாக்டரிச் சுவத்தோரம் வச்சோம்லா.
காலைல புல்லுல நடந்தா
மேனேசருக்கு ஷூ நனையுதுன்னு."

ஒரு ஷூ நனையாமல் இருக்க
மலைக்கே காய்ச்சல்.
அதையும் கழித்தேன்.

ஞாயிறு போக, சில்லறை போக,
சுவரின் சூடு போக
எதுவும் மிஞ்சாது என்று நினைத்திருந்தேன்.
அப்படித்தான் ஆசைப்பட்டேன் என்றும் சொல்லலாம்.
மிஞ்சியது ஒரு கோடு.
கொழுந்துக் கூடையோடு ஏறுகிறவளைப் போல
நின்று நின்று,
ஏறிக்கொண்டே இருக்கிற கோடு.
பத்து வருஷத்துக்குக் கால் டிகிரி.

கால் டிகிரி யார் கண்ணுக்குத் தெரியும்?
மூன்றாம் லயத்தில் பூவுலட்சுமியின் மருமகன்
ராஜபாளையத்திலிருந்து மின்விசிறி வாங்கி வந்தான்.
மாட்ட உத்திரத்தில் கொக்கி இல்லை.
எந்த வீட்டிலும் இல்லை.
கட்டியவன் கனவிலும் வராத சாமான்.
பெட்டி பிரிக்காமல் கிடக்கிறது,
மேலே பிள்ளைகளின் ஸ்கூல் பை.

ஜனவரியில் ஹோட்டல் பைஜு போன் செய்வான்:
"சேச்சி, மைனஸ் வந்தோ?
எறணாகுளம் பார்ட்டி, முப்பது ரூம்.
ஒரு மைனஸ் போட்டுத் தரணே."
பெட்டிக்குள் இரண்டு புள்ளி இரண்டு.
பள்ளத்துப் புல்லிலோ உப்புக் கொட்டியதுபோல் உறைபனி.
இரண்டும் மெய்.
டிவிக்காரன் புல்லைப் படம் பிடித்தான்,
"உலகம் சூடாகுதுன்னு சொன்னது யாரு?" என்றான்.
அவன் முழங்கால் நனைந்திருந்தது.
நான் கோட்டைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன்.
கேமரா அணைந்துவிட்டது.

மூன்று மாதம் முடிந்தும் என்னை அனுப்பவில்லை.
ஏழு மணி அளவு இப்போது என்னுடையது.
பெட்டியைப் பழைய பள்ளத்துக்கே கொண்டுபோய் வைத்தோம்.
என் செருப்பு நனைகிறது.

இன்று மார்ச், ஞாயிறு.
மணி அடிக்கும்போது கதவைத் திறந்தேன்.
ஒன்பது புள்ளி ஐந்து.
கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு
குனிந்து மறுபடி பார்த்தேன்.
ஒன்பது புள்ளி ஐந்தேதான்.

இதை ஒருநாள் யாராவது அழிப்பார்கள்.
ஒரு புள்ளி கூட்டிப் போட்டால் நம்புவார்கள்.

ஒன்பதரை என்று எழுதி
ஓரத்தில் பொடி எழுத்தில் சேர்த்தேன்:
நேரில் பார்த்தது.